தங்கள் கருவி நாளது தேதியில் உள்ளது

டுலூத் துறைமுகத்தில்
பாலம் தூக்குகிறது என் வேலை.
தொலைவிலேயே கப்பல் ஊதும்,
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
அதையே திருப்பி ஊதிவிட்டுக் காத்திருப்பேன்.
இரும்புத்தாது ஏற்றிய கப்பலை
யாரும் விரட்ட முடியாது.

அதனால்தானோ என்னவோ
போன் விஷயத்திலும் நான் அப்படி.
ஐலாவும் நானும் ஒரே கடையில்
இரண்டு வருட ஒப்பந்தத்தில் வாங்கிய ஜோடி.
புது மென்பொருள் வெளியானது அக்டோபரில்.
போனைச் செய்தவன்
'சோதிக்கிறோம்' என்றான் ஜனவரியில்.
கேரியர் வாயே திறக்கவில்லை.
எங்கள் ஊரில் கப்பலையும் கேரியர் என்போம்,
அதாவது வருமுன் ஊதும்.

கடைப்பையன் கோல்பி
'கட்டங்கட்டமா வரும் சார்' என்றான்.
நான் எந்தக் கட்டத்தில் என்று கேட்டேன்.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
மறுகாதில் செருகிக்கொண்டான்.

ஏரி உறைந்து
கப்பல் நின்றுபோன வாரங்களில்
சக்கரங்களுக்கு கிரீஸ் போடுமுன்
ஹீட்டர் சூடேறும்வரை
அந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன்.
'தங்கள் கருவி நாளது தேதியில் உள்ளது.'
வெளியே மைனஸ் இருபத்தாறு.
நாளது தேதி எது என்று
ஒருநாளும் அது சொன்னதில்லை.

ஐலாவுக்குப் பல் கட்டுகிற கூடத்தில் வேலை.
ஒரு நூல் பிசகினால்
யாரோ ஒருவருக்கு வாய் மூடாது.
மார்ச்சில் ஒரு ராத்திரி
சமையலறை மேசையில் லேப்டாப், ஒரு கேபிள்,
எண்பது சதவீதம் சார்ஜ்.
'வாரண்டி போயிடும்' என்றேன்.
'இருந்தப்ப என்ன செஞ்சுது?' என்றாள்.

மூன்று பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தாள்.
திரை இருண்டு
ஒரு கேள்வி மட்டும் வந்தது:
உள்ளே இருப்பதெல்லாம் அழியும். சம்மதமா?

கையில் கெட்டிலோடு நின்றிருந்தேன்.
திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.
தீவுக்குப் படகில் போன படங்கள்,
அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும்
பாலத்து அறையிலிருந்து நான் அனுப்பிய செய்திகள்,
முக்கால்வாசி எழுத்துப் பிழை.
யோசிக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன்,
ஒரு மூச்சு நேரம் இருக்கும்.
அழுத்திவிட்டாள்.

பிறகு நாற்பது நிமிஷம்
கம்பெனியின் பெயர் மட்டும்
மின்னி மின்னி அணைந்தது.
செங்கல்லாகவே போகட்டும் என்று
உள்ளுக்குள் விரும்பினேன்.
சொல்லிவிட்டேன், இனி அதைக் கேட்காதீர்கள்.

ஒன்றேகாலுக்கு எழுந்துகொண்டது.
முதல் காரியமாய்
எந்த மொழி என்று அவளையே கேட்டது.
சிரித்தாள்.
ஆஸ்பத்திரிக்குப் பின் அந்தச் சிரிப்பை
நான் கேட்டதில்லை.
அப்புறம் நிமிர்ந்து
'உன் நம்பர் என்ன?' என்றாள்.
கல்யாணமாகிப் பதினொரு வருஷம்.
ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன்,
ஏழு வந்ததும் நிறுத்தி
'ஏழா, ஒண்ணா?' என்றாள்.
'ஏழு.'

எனக்கு வந்தது ஏப்ரல் கடைசியில்,
விடிகாலை இரண்டு நாற்பதுக்கு,
பனிப்பாளங்களை ஒதுக்கிக்கொண்டு
ஒரு கப்பல் உள்ளே வரும் நேரம்.
புதுப்பிப்பு தயார். எதுவும் அழியாது.
இப்போதா, பிறகா?
வெளியே ஊதியது, நீளமாய் ஒன்று.
'பிறகு' என்பதை அழுத்திவிட்டு
நெம்புகோலைப் பிடித்தேன்.

காலையில் ஷூ கழற்றும்போது
ஐலா கேட்டாள், 'போட்டியா?'
'கப்பல் வந்துடுச்சு' என்றேன்.
முட்டையைத் திருப்பிப் போட்டபடி
'சரி, போனப்புறம்?' என்றாள்.